எப்படி, எங்கே, எப்போது, எத்தனை தடவை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மேலப்பாதூர் வெற்றி டுட்டோரியலில் இருந்தவர்கள்:

துரைராசு. ஆங்கில ஆசிரியர், தாளாளர், பெருக்குகிறவர், மூன்றும் அவரே. பி.ஏ.வில் இரண்டு தாள் பாக்கி. இடது கன்னம் வீங்கியிருந்தது.

தங்கையன். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் மூன்று முறை தவறியவன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர்.

பொன்னுத்தாய். இரண்டு முறை தவறியவள். தையல் டீச்சர் பயிற்சிக்குப் போக வேண்டும்.

இளையபெருமாள். நான்கு முறை தவறியவன். நெற்றியில் கட்டு.

கலியபெருமாள். இளையபெருமாளின் தகப்பனார், முப்பது வேலி மிராசுதார். மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

குழந்தைராஜ். ஏட்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இவர்களோடு ஒரு வருகைப் பதிவேடும் இருந்தது. அன்று உருப்படியாகச் சாட்சி சொன்னது அது ஒன்றுதான், அதுவும் பொய்ச்சாட்சி.

புகார் இது. வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கலியபெருமாளின் களத்தில் தங்கையன் கம்பால் அடித்து இளையபெருமாளின் மண்டையை உடைத்துவிட்டான். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. கூலிக்காக அதிகாரி முன்னால் எழுதிய முச்சலிக்கா ஒப்பந்தத்தைக் கலியபெருமாள் செல்லாது என்றார். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். ஆகவே யாராவது யாரையாவது அடித்திருக்க வேண்டிய வாரம்தான் அது. புகாரைக் கேட்டு ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அடித்தது யார் என்பதில்கூட யாருக்கும் பெரிய அக்கறை இருக்கவில்லை.

அக்கறை தங்கையனுக்குத்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருவாரூரில் செப்டம்பர் பரீட்சை, ஆங்கிலம். அரசாங்கம் புதிதாகத் தொடங்கியிருந்த பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலைக்கு அவன் மனுப் போட்டிருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் வேண்டும் என்றார்கள். டிசம்பர் வந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை லாக்கப்புக்குள் போகிறவன் திங்கட்கிழமை வெளியே வருவதில்லை. நடுவில் கோர்ட்டுக்கு லீவு நாட்கள். புகார் கொடுத்தவர் நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்.

தங்கையன் சொன்ன பதில் ஒரே வரி.

"வியாழக்கிழமை ஆறரைக்கு நான் இங்க வகுப்புல இருந்தேன். ரெஜிஸ்தரைப் பாருங்க."

துரைராசு நாக்கால் கன்னத்தை உள்பக்கமாகத் தடவிக்கொண்டார். அங்கே ஒரு குழி இருந்தது. வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவர் கூத்தாநல்லூரில் மீரா உசேன் என்ற பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பே நடக்கவில்லை. கதவில் சாக்கட்டியால் 'இன்று இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

ஆனால் பதிவேட்டில் வகுப்பு நடந்திருந்தது. எல்லாரும் வந்திருந்தார்கள். அதற்குக் காரணம் கலியபெருமாள்தான்.

மகன் நான்காம் முறை தவறியதும் அவர் துரைராசுவிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் தாமே பதிவேட்டைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அடுத்த நாள் இளையபெருமாள் தனியாக வந்தான். அவனுக்குத் திருவாரூரில் சினிமாவும், சீட்டாட்டமும், இன்னும் சில அலுவல்களும் இருந்தன. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வகுப்புக்கு வர முடியாது என்று நிலைமையை விளக்கினான். விளக்கத்தோடு ஒரு மூட்டை உளுந்தும் வந்தது. அன்றுமுதல் துரைராசு திங்கட்கிழமை காலையிலேயே இளையபெருமாளுக்கு வாரம் முழுவதற்கும் 'ஆஜர்' போட்டுவிடுவார். ஒருவனுக்கு மட்டும் அப்படிப் போட்டால் கண்ணை உறுத்தும். அதனால் எல்லாருக்கும் போட்டுவிடுவார். ஆறு மாதமாக அந்த ஊரில் காய்ச்சல், சாவு, அறுவடை எதுவும் வந்து டுட்டோரியலில் ஒருவரையும் தடுக்கவில்லை.

கலியபெருமாள் ஞாயிறுதோறும் அதைப் பார்த்துத் திருப்தியோடு கையெழுத்தும் போட்டார்.

ஏட்டு குழந்தைராஜ் இப்போது அந்தப் பதிவேட்டைத்தான் மடியில் விரித்து வைத்திருந்தார். பத்து நாட்களாகக் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை கலியபெருமாளின் களத்துக்குக் காவல் நிற்கிறவர். பத்து நாட்களாகக் களத்திலேயே தயிர்சாதம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போக முடியாததில் வீட்டில் சண்டை.

"கன்னத்துல என்ன சார்?"

"பல்லு புடுங்கினேன்."

"எப்போ?"

"புதன்கிழமை."

இது அன்று துரைராசு சொன்ன முதல் பொய். யோசித்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் பதிவேடு பொய்யாகும். பதிவேடு பொய்யானால் உளுந்து மூட்டை வெளியே வரும். தங்கையனைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததாகப் பின்னால் பொன்னுத்தாய் ஊரெல்லாம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. நினைத்தது உளுந்தைத்தான்.

"சரி. வியாழக்கிழமை என்ன பாடம் நடந்துச்சு?" என்று ஏட்டு தங்கையனைப் பார்த்துக் கேட்டார்.

"அட்வெர்ப்."

"அப்படின்னா?"

தங்கையன் எழுந்து நின்றான். புதன்கிழமை மாலை பல்வலியோடு துரைராசு நடத்திய பாடம் அது. வந்தவர்கள் இரண்டே பேர், தங்கையனும் பொன்னுத்தாயும். வலியில் பொறுமை போய், புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழில் நடத்தினார்.

"வினைச்சொல்லு, அதாவது வெர்ப், நடந்த சங்கதி," என்றான் தங்கையன். "அட்வெர்ப், போலீஸ்காரங்க வந்து கேக்குற கேள்விக்குப் பதிலு. எப்படி நடந்துச்சு, அது ஒரு வகை. குயிக்லி, ஸ்லோலி. எங்கன்னு கேட்டா அடுத்த வகை. ஹியர், தேர், அவுட்சைட். எப்போன்னு கேட்டா யெஸ்டர்டே, நவ். எத்தனை தடவைன்னு கேட்டா ஆல்வேஸ், சம்டைம்ஸ், நெவர். எந்த அளவுக்குன்னு கேட்டா வெரி, டூ, ஆல்மோஸ்ட். மொத்தம் அஞ்சு. இன்னும் இருக்குன்னு சார் சொன்னாரு. பரீட்சைக்கு அஞ்சு போதும்னாரு."

"போலீஸ்காரன்னா சொன்னாரு?"

"மரியாதையாத்தான் சொன்னாரு ஏட்டய்யா."

பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதோட சண்டையும் நடந்துச்சுங்க," என்றாள். "நோட்ஸ்ல 'கூலியாட்கள் மெதுவாக வேலை செய்தார்கள்'னு ஒரு வாக்கியம். ஸ்லோலிக்கு. இவரு எழுத மாட்டேன்னுட்டாரு. நோட்ஸ் எழுதினவன் எந்தப் பண்ணைன்னு கேட்டாரு. அப்புறம் சார் 'ஆமை மெதுவாக நடந்தது'ன்னு மாத்திக் குடுத்தாரு."

சொன்னதெல்லாம் உண்மை, கிழமையைத் தவிர. ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தான் கேட்டுவந்த கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"தம்பி, நீங்க சொல்லுங்க," என்று இளையபெருமாள் பக்கம் திரும்பினார். "எங்க அடிச்சான்?"

"களத்துல."

"எப்போ?"

"வியாழக்கிழமை ஆறரைக்கு."

"எப்படி?"

"கம்பால. வேகமா."

"அந்த நேரத்துல நீங்க வகுப்புல இருந்ததா இதுல போட்டிருக்கே."

"நான் வகுப்புக்கு வரல."

"வரலையா?" என்றார் கலியபெருமாள்.

மாடிக்குக் கீழே அரிசி மண்டியில் யாரோ சாக்கை உதறினார்கள்.

"அன்னைக்கு மட்டுந்தாம்ப்பா."

"அப்ப இந்த ஆஜர்?"

"அது... சார் போட்டுருப்பாரு."

"எத்தனை தடவை?" என்றார் கலியபெருமாள்.

ஏட்டு கேட்க வேண்டிய கேள்வி அது. தகப்பனார் முந்திக்கொண்டார். அவர் கேட்டது மண்டை உடைந்த விவகாரத்தைப் பற்றியல்ல.

இளையபெருமாள் பதிவேட்டைப் பார்த்தான். ஆறு மாதம். கலியபெருமாள் வீட்டுக் கூடத்தில் திருக்கை மீன் வாலால் செய்த ஒரு சவுக்கு தொங்கியது. அவருடைய தகப்பனார் காலத்துச் சொத்து. ஆட்களை அடிக்க முடியாத காலம் வந்த பிறகு அது சும்மா தொங்கியது என்று ஊரில் பேச்சு. முழுக்கச் சும்மா என்று இளையபெருமாள் சொல்ல மாட்டான். ஒரு நாள் வரவில்லை என்று ஒப்புக்கொண்டால் மீதி நாட்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அதுவும் கூடத்தில், சவுக்குக்கு எதிரில் நின்றுகொண்டு. தங்கையன் ஜெயிலுக்குப் போவது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு இந்த விலை அதிகம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"வகுப்புலதான் இருந்தேன்," என்றான்.

"என்னது?" என்றார் ஏட்டு.

"வியாழக்கிழமை. வகுப்புலதான் இருந்தேன். அட்வெர்ப் நடந்துச்சு. திரும்பி வர்றப்ப மதகுல வழுக்கி விழுந்துட்டேன். மண்டையில பட்டதுல கொழம்பிப்போச்சு."

கலியபெருமாள் மகனைப் பார்த்தார். பிறகு துரைராசுவைப் பார்த்தார். பிறகு, "அந்த ரெஜிஸ்தரைக் குடுய்யா," என்று கையை நீட்டினார்.

ஏட்டு பதிவேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் கண்ணை ஓட்டினார். வியாழன், ஆஜர். வெள்ளி, ஆஜர். சனி, ஆஜர்.

அன்று வெள்ளிக்கிழமை.

ஏட்டின் விரல் சனிக்கிழமைக் கட்டத்தில் நின்றது. துரைராசு அதைக் கவனித்தார். வீங்கிய கன்னம் தனியாகத் துடித்தது. ஏட்டு அவரை ஒரு முறை பார்த்தார். கோபமோ இரக்கமோ அந்தப் பார்வையில் இல்லை. பத்து நாள் தயிர்சாதம் சாப்பிட்டவனின் பார்வை. பிறகு சனிக்கிழமைக் கட்டத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, பதிவேட்டைக் கையைவிட்டு விடாமல் கலியபெருமாளுக்கு முன்னால் நீட்டினார்.

"பாத்துக்குங்க. வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஆஜர். அடிச்சவனும் இங்க, அடிபட்டவரும் இங்க. களத்துல அப்ப யாருமே இல்ல. நான் எங்க போயி கேஸ் எழுதுறது? மேல வாரா வாரம் உங்க கையெழுத்து வேற இருக்கு."

கலியபெருமாள் தம் கையெழுத்தைப் பார்த்தார். படியிறங்கிப் போனார். இளையபெருமாள் பின்னாலேயே போனான், மிக மெதுவாக.

ஏட்டு பதிவேட்டை மூடித் துரைராசுவிடம் கொடுத்தார். "சனிக்கிழமைக்காவது வகுப்பை நடத்துங்க," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு துரைராசு கேட்டார்: "அவனை அடிச்சியா நீ?"

"திங்கக்கெழம பரீட்சையில கேப்பாங்களா சார்?" என்றான் தங்கையன்.

"கேக்க மாட்டாங்க."

"அப்ப விடுங்க."

சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் நடத்தினார். தங்கையனை இந்த முறை தேற்றிவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது. பி.ஏ. முடிக்காதவர் நடத்தும் டுட்டோரியலுக்கு ஒரு கண்டக்டர் நல்ல விளம்பரம்.

பொன்னுத்தாய் ஞாயிற்றுக்கிழமை இரவே திருவாரூரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை எட்டே முக்கால் பஸ்ஸில் துரைராசுவும் தங்கையனும் ஏறினார்கள். திருவாரூர் எட்டு மைல். தங்கையன் சலவைச் சட்டை போட்டிருந்தான். பையில் இரண்டு பேனா. ஒன்பது மணிக்கு பஸ் வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் நின்றது.

பாலத்தின் மேல் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செங்கொடி. கூலி முச்சலிக்காவை அமல்படுத்தக் கோரிச் சாலை மறியல்.

"மறியல் நாளைக்குத்தானே?" என்றார் துரைராசு.

"நாளைக்குத்தான்," என்றான் தங்கையன். நாளைக்கு என்று முடிவெடுத்தவனே அவன். இறங்கிப் பாலத்துக்கு நடந்தான். முன்வரிசையில் காத்தான் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, சங்கத்தின் துணைத்தலைவர்.

"நேத்து ராத்திரி போலீஸுக்குத் தெரிஞ்சிபோச்சு தோழர். அதான் ஒரு நாள் முன்னாடி வச்சுட்டோம்," என்றார் காத்தான். "நீங்க படிச்சுக்கிட்டிருக்கீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லல."

"பஸ்ஸை விடுங்க. எனக்குப் பரீட்சை."

"ஒரு வண்டியும் விடக்கூடாதுன்னு நீங்கதானே தோழர் தீர்மானம் போட்டீங்க."

"நான்தான் போட்டேன். இப்ப நானே சொல்றேன்."

"நானே வந்து சொன்னாலும் விடக்கூடாதுன்னும் போட்டிருக்கீங்க," என்றார் காத்தான். சட்டைப்பையிலிருந்து தீர்மானத்தின் நகலை எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார். விரலை வைத்துக் காட்டினார்.

தங்கையன் படித்துப் பார்த்தான். அவன் கையெழுத்துதான்.

வாதாடியதில் மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பத்தரைக்கு மேல் பரீட்சைக்கு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். துரைராசு பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எதிர்ப்பக்கத்து பஸ்கள் இரண்டு மைல் தள்ளியே நிறுத்தப்பட்டிருந்தன. பள்ளிக்கூடம்வரை நடந்தால் பதினொன்றரை ஆகும். சைக்கிள் கேட்டால் கிடைக்கும், ஆனால் அந்தச் சாலையில், எதிர்க்காற்றில், அதுவும் நிச்சயமில்லை.

அப்போது பின்னால் ஒரு கறுப்பு அம்பாசிடர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கலியபெருமாள். அவருடைய டிரைவர் பாலத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். பின்ஸீட்டில் இளையபெருமாள், நெற்றியில் கட்டோடும், வெள்ளிக்கிழமை இல்லாத இரண்டு தடிப்புகளோடும்.

கலியபெருமாள் ஆரன் அடித்தார். யாரும் எழவில்லை. மறுபடி அடித்தார். டிரைவர் மட்டும் பழக்கத்தில் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"காத்தான்," என்றான் தங்கையன். "கொடி கட்டின வண்டி போகலாமில்ல?"

"சங்கத்து வண்டி போகலாம். கொடி கட்டியிருக்கணும். கமிட்டி ஆளு ஒருத்தர் முன்னாடி உக்காந்திருக்கணும். அதுவும் தீர்மானத்துல இருக்கு."

"பஸ்ஸுல கட்டலாமா?"

"அரசாங்க வண்டில கட்டுனா கேசு."

இருவரும் அம்பாசிடரைப் பார்த்தார்கள்.

துரைராசுதான் போய்ப் பேசினார். வீக்கம் வடியாததால் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கலியபெருமாள் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எந்தக் கொடி தம் வயலில் நடப்படக் கூடாது என்று கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கியிருந்தாரோ, அதே கொடி. பின்ஸீட்டில் ஐந்தாவது முறையாகப் பரீட்சைக்குப் போகிற மகன்.

"எவ்வளவு தூரத்துக்கு?"

"பள்ளிக்கூட வாசல் வரைக்கும். நடுவுல எடுத்தா அடுத்த பாலத்துல நிறுத்திருவாங்க. அங்கயும் ஆளு உக்காந்திருக்கு."

"அவன் முன்னாடி உக்காரணுமா?"

"கமிட்டி ஆளு தெரியணும்ங்கிறாங்க."

"பெரிசா கட்டாதீங்க," என்றார் கலியபெருமாள்.

காத்தானிடம் சின்னக் கொடி இல்லை. இருந்ததிலேயே பெரியதை வைக்கோல் பிரியால் பானெட்டில் கட்டினார். தங்கையன் முன்ஸீட்டில், கலியபெருமாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வண்டியில் அவன் இனத்தார் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. தள்ளியிருக்கிறார்கள், கழுவியிருக்கிறார்கள். துரைராசு பின்னால் ஏறிக்கொண்டார். நூறு பேரும் எழுந்து வழிவிட்டார்கள். யாரோ "மிராசுதார் ஐயா வாழ்க" என்றான். சிரிப்பு வண்டிக்குள்ளும் கேட்டது.

மற்ற மிராசுதார்கள் கூடுகிற அரிசி ஆலையைத் தாண்டும்போது கலியபெருமாள் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஓட்டினார். இரண்டாவது பாலத்தில் நின்றவர்கள் தங்கையனைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். அவனும் உயர்த்தினான். கை மிராசுதாரின் காதில் பட்டது. இருவரும் நேரே பார்த்துக்கொண்டார்கள், சாலையை.

ஒரு தடவை மட்டும் கலியபெருமாள் பேசினார், கண்ணாடியில் மகனைப் பார்த்து.

"அது எத்தனை வகைடா?"

"எது?"

"வியாழக்கிழமை நடந்துச்சுன்னியே."

இளையபெருமாள் துரைராசுவைப் பார்த்தான். துரைராசு ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார்.

"அஞ்சு," என்றான் தங்கையன், முன்னாலிருந்து.



பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றபோது மணி பத்து இருபத்தேழு. வெளியிலிருந்து பிட்டு எறிகிறார்கள் என்று அந்த வருடம் பரீட்சைக் கூடத்தின் தாழ்வாரக் கதவைப் பூட்டியே வைத்தார்கள். வாட்ச்மேன் சாவியும் கையுமாக நின்றான். இளையபெருமாளைத் தகப்பனார் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் உள்ளே தள்ளிவிட்டார். தங்கையன் இறங்கி ஓடாமல் பானெட்டில் கட்டிய பிரியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், மூணு நிமிஷம்," என்றார் துரைராசு.

"சங்கத்துக் கொடியை இவரு வண்டில விட்டுட்டுப் போக முடியாது சார்."

முடிச்சு இறுகியிருந்தது. காத்தான் கட்டினால் அப்படித்தான். தங்கையன் பல்லால் கடித்துப் பிய்த்தான், கொடியை மடித்தான், கதவுக்கு ஓடினான்.

"கொடியெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது," என்றான் வாட்ச்மேன்.

தங்கையன் சுற்றிலும் பார்த்தான். துரைராசு பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் கலியபெருமாள். கொடியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான். வாட்ச்மேன் கதவைச் சாத்திப் பூட்டினான்.